இடக்கை

கோட்டுக்காக எங்களுக்குள் சண்டை வரவில்லை.
தோள்பட்டையைப் பூச்சி அரித்திருந்தது.
பையில் இரண்டு இருமல் மிட்டாய்,
கெமி மர ஆலையின் சாப்பாட்டுச் சீட்டு ஒன்று,
கிழிக்காதது.
ஹில்க்கா முகர்ந்து பார்த்துவிட்டு
தேவாலயத்துப் பழந்துணிக் கடைக்கு என்று ஒதுக்கினாள்.
தொப்பி அவளுக்கு.
பெல்ட் இருவருக்குமே வேண்டாம்:
அப்பா மெலிய மெலிய
ஆணியால் குத்திக்கொண்ட ஓட்டைகள்,
கடைசி ஓட்டை இந்த அக்டோபரில்.

பிறகு கீழ் இழுப்பறை.
இரண்டு பேர் இழுக்க வேண்டியிருந்தது.
உள்ளே தோல் கையுறைகள். பதினொன்று.
பதினொன்றும் இடக்கை.

வலக்கை உறை நான்கு குளிர்காலம் தாங்கும்.
மண்வாரி, கோடரி,
கார்க் கண்ணாடியில் பனி சுரண்டுவது,
எல்லாமாகச் சேர்ந்து அதைத் தின்றுவிடும்.
இடக்கை சும்மா கூடவே போய்வரும்,
அண்ணனோடு கடைக்குப் போகிற தம்பி மாதிரி.
தேயாது. தேயாததை எறிய
அம்மாவுக்கு மனசு வராது.

புது ஜோடி வாங்கிய அன்றிரவே
விளக்கடியில் உட்காருவாள்.
இடக்கை உறையின் நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல்
மூன்றையும் உள்ளங்கைப் பக்கம் மடித்து
தூண்டில் நரம்பால் தைத்துவிடுவாள்.
காலி விரல்கள் காற்றில் ஆடினால்
ஊர் பார்க்குமே.
மேலே கிடந்த ஒன்றில் மட்டும் கோணல் தையல்.
அம்மா போனபின் வாங்கியது.
அதை யார் தைத்திருப்பார் என்று
நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

எனக்குத் தெரிந்த அப்பாவுக்கு
இடக்கையில் இரண்டே விரல்.
நான் பிறக்குமுன் ஒரு பிப்ரவரியில்
மற்ற மூன்றையும் ரம்பம் எடுத்துக்கொண்டது.
வேலைக்குப் போகும்போது
மோதிரத்தைக் கழற்றி வைப்பது அவர் வழக்கம்.
மோதிரம் பிழைத்தது.
வலக்கைக்கு மாற்றிக்கொண்டார்,
வாடகை வீடு மாறுவது போல.

இழுப்பறையின் அடியில்
செய்தித்தாளில் சுற்றியிருந்தது
தைக்காத ஒன்று.
ஐந்து விரலும் லேசாக வளைந்து
யாருடைய கையையோ
இன்னும் விடாமல்.

"இது அதுக்கு முன்னாடி உள்ளது" என்றாள் ஹில்க்கா.
அவள் எனக்கு ஒன்பது வயது மூத்தவள்.
காலை நீட்டிக்கொண்டு, சாதாரணமாக,
"அப்பாதானே எனக்கு ஜடை பின்னுவார்.
அம்மாவுக்கு ராத்திரி ஷிப்டு.
நாலுகால் பின்னல்கூட வரும் அவருக்கு.
மரத்தெப்பம் கட்டின கை இல்லையா."

எனக்கு நாற்பத்தாறு வயது.
என் தலைமுடியை
அவர் ஒருநாளும் தொட்டதில்லை.
முதல் வகுப்பில்
சீப்பை நீட்டிக்கொண்டு போய் நின்றேன்.
"அம்மாகிட்ட போ" என்றார்
ஜன்னல் பக்கம் திரும்பி.
அந்த இரண்டு சொல்லை வைத்து
நான் போட்ட வழக்கு
போன வாரம், சவப்பெட்டியை மூடும்வரை நடந்தது.
எதிர்த்தரப்பு வாய் திறக்கவே இல்லை.
அவருக்கு அக்காவைத்தான் பிடிக்கும் என்று
தீர்ப்பும் எழுதியாயிற்று.

இதையெல்லாம் ஹில்க்காவிடம் சொல்லவில்லை.
அவள் காபி போட எழுந்து போனாள்.
குழாய்ச் சத்தத்தில்
அம்மாவின் தையல் ஒன்றை
நகவெட்டியால் நறுக்கினேன்.
முதல் முடிச்சு முரண்டு பிடித்தது.
மற்றவை தாமாகவே வந்தன.
மடிப்பைப் பிரித்தேன்.

தேய்ந்து கறுத்த உள்ளங்கையில்
மூன்று விரல் அளவுக்கு மட்டும்
கடையில் வாங்கிய அன்றைய மஞ்சள்.

ஐந்து விரல் உறையை அவளே வைத்துக்கொள்ளட்டும்.
பத்தும் எனக்கு.

"சர்க்கரை போடவா?"
சமையலறையிலிருந்து கேட்டாள்.
போடு என்றேன்.
நான் சர்க்கரை போட்டுக்கொள்வதே இல்லை.